மலையில் முதல் சம்பளம்: பற்று நோட்டிலிருந்து பாஸ்புக் வரை

நீலகிரிக்கு வேலைக்கு வந்து இது உங்களுக்கு முதல் வருடமா? லாட்ஜ், ஓட்டல், தேயிலைத் தொழிற்சாலை, வர்க்கி பேக்கரி, டாக்சி ஓட்டுவது, எந்த வேலையாக இருந்தாலும் சரி. வாங்கிய சம்பளம் பத்தாம் தேதிக்குள் கரைந்துபோகிறது என்றால் இது உங்களுக்காக எழுதியது.

நான் 22 வயதில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஒரு லாட்ஜில் ரிசப்ஷன் வேலைக்கு வந்தேன். 12 வருடம் ஆகிவிட்டது. இப்போது எங்கள் தெரு மகளிர் சுய உதவிக் குழுவுக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். மாதாமாதம் 14 வீட்டுக் கணக்கு என் கையில் வந்து போகிறது. ஒரே மாதிரி சம்பாதிக்கிற இரண்டு வீட்டில் ஒன்று தவிக்கிறது, ஒன்று தவிக்கவில்லை. ஏன் என்று பார்த்தால், தவிக்கிற வீட்டில் இந்த மாதச் சம்பளம் போன மாதம் சாப்பிட்டதற்குப் போகிறது. மற்ற வீட்டில் போன மாதச் சம்பளத்தை வைத்து இந்த மாதம் சாப்பிடுகிறார்கள். நடுவில் இருக்கிற அந்த ஒரு மாதத்தை எப்படித் தாண்டுவது என்று என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் நோட்டு

நான் வந்தது மே மாதம். லாட்ஜ் நிரம்பி வழிந்தது. சம்பளம் போக டிப்ஸ் மட்டுமே வாரம் 500, 600 என்று வந்தது. இதுதான் என் வருமானம் என்று நினைத்துவிட்டேன். தவணையில் போன் வாங்கினேன். அம்மாவுக்கு மாதம் 5,000 அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நவம்பரில் மழை பிடித்தது. மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. ரூம் எல்லாம் காலி. "பாதி நாள் வா, பாதிச் சம்பளம்" என்றார்கள்.

தெருமுனை மளிகைக் கடையில் எனக்கு ஒரு பற்று நோட்டு இருந்தது. அட்டையில் என் பெயர்கூட இல்லை, 'லாட்ஜ் பாப்பா' என்று எழுதியிருப்பார் கடைக்கார அண்ணாச்சி. உள்ளே நீல மையில் வரிவரியாக இருக்கும்: பால் 2, அரிசி 5 கிலோ, சோப்பு, மெழுகுவத்தி, பால் 2, பிஸ்கெட், பால் 1. ஜனவரி 5-ம் தேதி சம்பளம் வாங்கியதும் அந்த நோட்டுக்கு 4,100 கொடுத்தேன். வாடகை 3,000. கைமாத்து வாங்கியதில் திருப்பியது 2,000. எட்டாம் தேதி பால் வாங்கக் காசில்லை. மறுபடி அதே நோட்டு. அண்ணாச்சி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனால்தான் எனக்கு உறைக்கவே இல்லை. கடன் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லாமலே ஒன்றரை வருடம் கடனில் சாப்பிட்டேன்.

முதல் வேலை: எத்தனை நாள் பின்னால் இருக்கிறீர்கள்?

ஒரு மாதத்துக்கு உயிர் வாழ என்ன ஆகிறது என்று கூட்டுங்கள். வாடகை, மளிகை, பால், காய், கேஸ், கரண்ட், பஸ், போன். வீட்டுக்கு அனுப்புவதை இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம். உதாரணத்துக்கு 9,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 30-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 300.

அடுத்து, கொடுக்க வேண்டியதை எல்லாம் கூட்டுங்கள். கடைப் பற்று, கைமாத்து, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், போன் தவணையில் மீதி. 6,600 வந்தால், 6,600-ஐ 300-ஆல் வகுக்க 22. நீங்கள் 22 நாள் பின்னால் இருக்கிறீர்கள்.

ரூபாய்க் கணக்கை விட இந்த நாள் கணக்கு மனதில் நிற்கும். எங்கள் குழுவில் இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். "அக்கா, போன மாசம் 22, இந்த மாசம் 17-க்கு வந்துட்டேன்" என்று ஒரு பெண் சொல்லும்போது அவள் எங்கே நிற்கிறாள் என்று எல்லோருக்கும் புரிகிறது. பூஜ்யத்துக்கு வருவது முதல் இலக்கு. அதற்கு மேல் 30 நாள் முன்னால் போவது, அதாவது 30 நாள் செலவுக்கான பணத்தைக் கையில் சேர்ப்பது, இரண்டாவது. மலையில் வேலை செய்கிறவர்களுக்கு 30 போதாது, 60 வேண்டும். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

12 மாதத்தை ஒரு காகிதத்தில் எழுதுங்கள்

மலைக்குக் கீழே கம்பெனியில் வேலை செய்கிறவருக்கு ஜூனும் ஜனவரியும் ஒன்றுதான். இங்கே அப்படி இல்லை. ஏப்ரலும் மேயும் சீசன். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி என்று கூட்டம் வரும். பள்ளிக்கூடம் திறந்ததும் ஜூனில் அடங்கிவிடும். ஜூலை, ஆகஸ்டில் கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்கு மழை கொட்டும். செப்டம்பர், அக்டோபரில் இரண்டாம் சீசன். அக்டோபர் கடைசியிலிருந்து குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று விட்டுவிட்டுக் கொஞ்சம் கூட்டம். பிப்ரவரி, மார்ச்சில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரீட்சை, லாட்ஜ் வெறிச்சோடும். இதோடு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். பழைய ஆட்கள் சொல்லும் அந்தக் கால சீசன் கூட்டத்தை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

தேயிலையை நம்பியிருப்பவர்களுக்குக் காலண்டர் வேறு. மழைக்குப் பின் கொழுந்து நிறைய வரும், பறிக்கிறவர்களுக்குக் கூடுதல் கிலோவுக்குக் காசு கிடைக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உறைபனியில் செடி கருகினால் பறிப்பு குறையும். சொந்தமாக அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற சிறு விவசாயிக்கு இன்னொரு சிக்கல்: இலை நிறைய வரும் மாதத்தில் பச்சைத் தேயிலை விலை இறங்கிவிடுவது உண்டு.

காகிதத்தில் உங்கள் வேலைக்கு நல்ல மாதம் எது, டல் மாதம் எது என்று குறியுங்கள். தெரியாவிட்டால் அதே வேலையில் ஐந்து வருடம் இருக்கிற ஒருவரிடம் கேளுங்கள். எனக்கு நான்கு நல்ல மாதம், நான்கு டல் மாதம், மீதி நான்கும் சுமார். டல் மாதத்தில் ஆளுக்குப் பாதிச் சம்பளம் என்றால், நான்கு மாதத்தில் இரண்டு மாதச் செலவுக்கான பணம் குறைகிறது. அந்த 60 நாள் இதுதான். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் பக்கம் பெரிய நிலச்சரிவு வந்து சாலையும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டதை இங்கே பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அப்படி ஒரு வாரம் வந்தால் கையில் இருக்கிற நாட்கள்தான் சோறு போடும்.

மலைக்கே உரிய செலவுகளையும் அதே காகிதத்தில் எழுதுங்கள். குளிர் மாதத்தில் வெந்நீர் வைத்தே கேஸ் சீக்கிரம் தீரும். கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும், ஹீட்டர் போட்டால் அந்தப் பில் தூக்கிவாரிப் போடும். மழைக்கு முன் நல்ல ஷூ, குளிருக்கு முன் கம்பளி. இவை திடீர்ச் செலவு அல்ல, வருடா வருடம் அதே மாதத்தில் வருகிறவை.

பற்றை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள்

நானும் முதலில் அந்தத் தப்பைச் செய்தேன். இனி பற்றே கிடையாது என்று சபதம் போட்டு, 12-ம் தேதி அண்ணாச்சி கடைக்கே திரும்பிப் போனேன். வெட்கமாக இருந்தது.

அப்புறம் செய்தது இது. முதல் மாதம் பால் மட்டும் ரொக்கம். சம்பளம் வந்த அன்றே 30 நாள் பால் காசை ஒரு சின்ன டப்பாவில் தனியாகப் போட்டேன். மீதி எல்லாம் வழக்கம்போல் பற்று. அடுத்த மாதம் பாலும் காயும் ரொக்கம். காயை உழவர் சந்தையில் காலையிலேயே போய் வாங்கினால் கொஞ்சம் மிச்சமாகும், அந்த மிச்சத்தில்தான் மூன்றாம் மாதம் சோப்பு, எண்ணெய் எல்லாம் நோட்டிலிருந்து வெளியே வந்தன. கடைசியாக அரிசி, பருப்பு. ஆறாவது மாதம் நோட்டில் வரியே விழவில்லை. ஒரு மாதத்தில் 600, 700 ரூபாய்க்கு மேல் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. அதனால்தான் முடிந்தது.

அண்ணாச்சியிடம் முன்பே சொல்லிவிட்டேன். "பால் இனிமே காசுக்கு வாங்கிக்கிறேன் அண்ணாச்சி" என்றதும், "நல்லதாப் போச்சு பாப்பா" என்று பால் பாக்கெட்டை எடுத்துத் தந்தார். கடைக்காரருக்கும் பற்று ஒரு சுமைதான். மறைத்துவிட்டு வேறு கடைக்குப் போகாதீர்கள். அவசரத்துக்கு நமக்குத் தெரிந்த கதவு அது ஒன்றுதான்.

குடும்பத்தோடு வந்தவர்கள் ரேஷனை விடாதீர்கள். சொந்த ஊர்க் கார்டை வைத்தே இங்குள்ள கடையில் கைரேகை வைத்து வாங்கலாம். பெண்கள் கட்டணமில்லாப் பேருந்தில் ஏறப் பழகுங்கள். ஐந்து நிமிடம் முன்னால் வரும் மினி பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு மாதக் கடைசியில் நான்கு நாள் பால்.

நல்ல மாதத்தில் வரும் கூடுதல் காசு

டிப்ஸ், ஓவர்டைம், போனஸ் மூன்றும் சம்பளம் அல்ல என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். சட்டப்படி போனஸ் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம். பெரும்பாலும் தீபாவளிக்கு முன் வரும். அதில் மூன்றில் ஒரு பங்கைப் பண்டிகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள், மனது நிறையச் செலவு செய்யுங்கள். துணியும் பலகாரமும் இல்லாமல் சேமிக்கச் சொன்னால் யாராலும் தொடர முடியாது. மீதியைப் பின்னால் இருக்கும் நாட்களை அடைக்கவும், அது முடிந்திருந்தால் முன்னால் போகவும் வையுங்கள்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது? தண்டல் இருந்தால் அதுதான். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். 1,500 தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருகிறோம் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. நூற்றுக்கு ஐந்து வட்டி என்பதும் ஆண்டுக்கு 60 சதவீதம். கந்து வட்டி, மீட்டர் வட்டி போன்றவற்றைத் தடை செய்து 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்குப் போகலாம். தவிர்க்கவே முடியாத அவசரம் என்றால் நகையைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வையுங்கள், மீட்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

பணத்தை எங்கே வைப்பது

வரிசை முக்கியம். முதல் 30 நாள் பணம் உடனே எடுக்கிற இடத்தில் இருக்க வேண்டும். சம்பளம் விழும் கணக்கிலேயே வைத்தால் நிற்காது, போனில் ஸ்கேன் செய்து செய்து போய்விடும். தபால் அலுவலகத்தில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய், வட்டி 4 சதவீதம். அதற்கு ஏடிஎம் கார்டு வாங்காதீர்கள். எடுக்க வேண்டுமானால் வேலை நேரத்தில் இறங்கிப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்தச் சிரமம் என் பணத்தைப் பல முறை காப்பாற்றியிருக்கிறது.

30 நாள் முன்னால் வந்த பிறகுதான் ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு. அவசரப்பட்டு முதலிலேயே ஆர்டி போட்டு, மூன்றாம் மாதம் கட்ட முடியாமல் விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தபால் அலுவலகத் தொடர் வைப்பு 5 வருடம். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கும், நீங்கள் தொடங்கும் நாளில் இருக்கும் வட்டி 5 வருடமும் மாறாது. 6.7 சதவீதத்தில் தொடங்கினால் மாதம் 500 வீதம் கட்டிய 30,000 முடிவில் ஏறக்குறைய 35,680 ஆகிறது. ஒரு தவணை தவறினால் 100 ரூபாய்க்கு 1 ரூபாய் அபராதம். நான்கு தவணை விட்டால் கணக்கு முடங்கும், இரண்டு மாதத்துக்குள் போய் உயிர் கொடுக்க வேண்டும். 12 தவணை கட்டிய பின் இருப்பில் பாதி வரை கடன் எடுக்கலாம்.

மலையில் இருப்பவர்களுக்கு ஆர்டியில் ஒரு நல்ல வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. தவணைகளை முன்கூட்டியே கட்டலாம். ஆறு மாதத் தவணையைச் சேர்த்துக் கட்டினால் 100 ரூபாய்க் கணக்குக்கு 10 ரூபாய் தள்ளுபடி, 12 மாதத்துக்கு 40 ரூபாய். 500 ரூபாய் ஆர்டி என்றால் மே மாத டிப்ஸிலிருந்து 3,000 கட்டிவிடுங்கள், 50 ரூபாய் குறையும். அக்டோபர் வரை தவணைக் கவலை இல்லை. இரண்டாம் சீசனில் இன்னொரு ஆறு மாதம். மழை மாதத்திலும் பனி மாதத்திலும் ஆர்டி உங்களைத் துரத்தாது. முகவர் அக்கா வீட்டுக்கே வந்து வசூலித்தால் ஒவ்வொரு முறையும் பாஸ்புக்கில் பதிவாகி முத்திரை விழுந்ததா என்று பாருங்கள். அக்கா கோபித்துக்கொள்ள மாட்டார், அது அவருக்கும் பாதுகாப்பு.

மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வருகிற வீட்டில் 30 நாள் முன்னால் வந்த பிறகு அதை அப்படியே ஆர்டிக்குத் திருப்பலாம், அதே வட்டியில் 5 வருடத்தில் 71,000 தாண்டும். பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம் இருக்கிறது, வருடத்துக்குக் குறைந்தது 250 கட்டினால் போதும்.

சீட்டு பற்றிக் கேட்பீர்கள். சேருவதானால் பதிவு செய்த சீட்டில் மட்டும் சேருங்கள், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது உத்தரவாதம் ஆகாது. எங்கள் தெருவில் தீபாவளிச் சீட்டு நடத்தியவரும் தெரிந்தவர்தான். அக்டோபரில் வீடு பூட்டியிருந்தது. 11 மாதம் கட்டிய பெண்கள் அந்த வாசலில் உட்கார்ந்திருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

காப்பீட்டுக்கு இரண்டே வரி: வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடு, வருடம் 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீடு, இரண்டும் 2 லட்சத்துக்கு. வங்கியில் ஒரு படிவம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவது

எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. மாதம் 5,000 என்று வாக்குக் கொடுத்துவிட்டு, டிசம்பரில் அதை அனுப்ப 3,000 கைமாத்து வாங்கினேன். அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தபோது அவர் அழுதார். "நீ பட்டினி கெடந்து அனுப்பற காசுல நான் எப்படிம்மா சோறு திங்கறது?" என்று கேட்டார்.

அந்தப் பன்னிரண்டு மாதக் காகிதத்தை அம்மா முன்னால் விரித்து வைத்துப் பேசினேன். நல்ல மாதத்தில் 5,000, சுமாரான மாதத்தில் 3,000, டல் மாதத்தில் 1,500 என்று முடிவானது. வருடக் கூட்டுத் தொகை குறைந்ததுதான். ஆனால் எந்த மாதம் எவ்வளவு வரும் என்று அம்மாவுக்கு முன்பே தெரிந்ததால் அவரும் அங்கே கடன் வாங்காமல் சமாளித்தார். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சை சீசன் தொடங்கும் முன் பேசிவிடுங்கள். போனில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது நேரில்.

வேலை மாறும்போது

மலையில் சீசனுக்கு ஒரு இடம் என்று மாறுகிறவர்கள் நிறையப் பேர். சம்பளத்தில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடிக்கிறார்களா என்று கேளுங்கள். பிடித்தால் உங்கள் பங்கு 12 சதவீதம், முதலாளியும் அதே அளவு போட வேண்டும். யுஏஎன் என்கிற பிஎஃப் அடையாள எண் ஒரே ஆளுக்கு ஒன்றுதான். புது இடத்தில் சேரும்போது பழைய எண்ணையே கொடுங்கள், புதிதாக ஒன்று போட விடாதீர்கள். வேலையை விட்டதும் பிஎஃப் பணத்தை எடுத்து போன் வாங்குவதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பளம் 21,000-க்குள் இருந்து இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பிடிக்கிற இடமானால் உங்கள் பங்கு 0.75 சதவீதம் மட்டுமே. அந்த அட்டையை வாங்கி வையுங்கள், ஆஸ்பத்திரிச் செலவுதான் சேர்த்த நாட்களை ஒரே வாரத்தில் விழுங்குவது.

சம்பளச் சீட்டு, யுஏஎன் எண் எழுதிய தாள், இஎஸ்ஐ அட்டை, ஆர்டி பாஸ்புக் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். இங்கே ஈரம் ஏறி, இரண்டு மழைக்குள் காகிதம் பூஞ்சை பிடித்து முத்திரை அழிந்துவிடும். என் முதல் பாஸ்புக் அப்படித்தான் போனது. ஜூன் மழைக்கு முன் ஒரு வெயில் நாளில் எடுத்துக் காய வைத்து, கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பார்த்து, மறுபடி கவரில் போட்டுவிடுங்கள்.